குடிச்சுப்போட்டு

நான் கேஸ் குடுக்க வரலைங்க அம்மிணி. நீங்க எடுத்திருக்கற கேஸ் ஒண்ணைப் பத்திப் பேசத்தான் வந்தேன். ராக்கியப்பன்னு ஒருத்தன், டிரைவரு. குடிபோதை கேஸு. கோர்ட்டுல அவனுக்கு இலவச வக்கீலா உங்களைப் போட்டிருக்காங்களாம். அவன்ற மொதலாளி நான். மொதலாளியா இருந்தேன்னு சொல்லோணும். கொப்பரைக் களம் நாச்சிமுத்துன்னா கடைவீதியில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

உக்காரலாமுங்களா? படியேறி வந்தது மூச்சு வாங்குது. ஜன்னலைத் தொறந்துக்குங்க, பரவால்லை. மத்தியானம் ஒரு விருந்து, அங்கிருந்து நேரா வர்றேன்.

உங்க அப்பாவை எனக்குத் தெரியுமுங்க. ஹைஸ்கூல் கணக்கு வாத்தியாருதானே? என்ற தம்பிக்குப் பாடம் எடுத்திருக்காரு. தங்கமான மனுசன். அந்த மொகத்துக்காகத்தான் நானே வந்தேன். வேற வக்கீலா இருந்தா ஆளு உட்டுச் சொல்லியிருப்பேன். தண்டபாணி மச்சான் போகவே வேண்டாம்னாரு. அவருதான் என்ற வக்கீலு, ஊட்டுக்காரிக்கு அண்ணன் முறை. அவரு பாக்கறதெல்லாம் நிலத்துக் கேசு, பாகப்பிரிவினைக் கேசு. ஆனா வக்கீல்னா வக்கீல்தானுங்களே, சொந்தத்துல ஒருத்தர் இருக்கறப்ப வெளியில போனா நாளைக்கு விசேஷத்துல மொகம் குடுத்துப் பேச முடியுமா? அவரு சொன்னாரு, "மாப்பிள்ளை, எதிர்த்தரப்பு வக்கீல்கிட்டப் போயி வாயைத் தொறக்காதீங்க"ன்னு. எதிர்த்தரப்பாமா. என்ற களத்துல இத்தனை வருசம் சோறு தின்னவன் எனக்கு எதிர்த்தரப்பா? அந்த வார்த்தையைக் கேட்டதுக்கே வயிறு எரிஞ்சுதுங்க. அதனாலதான் வந்தேன்.

அவன் உங்ககிட்ட என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாது. என்ன சொல்லியிருந்தாலும் சரி, என்ற பக்கத்து நாயத்தையும் ஒருக்காக் கேட்டுப்போட்டு அப்பறம் முடிவு பண்ணுங்க.

ராக்கியப்பன் என்கிட்ட வந்தப்ப நல்ல டிரைவரு. அதை நான் மறைக்க மாட்டேன். லோடு வண்டி, காரு, எதைக் குடுத்தாலும் பூ மாதிரி ஓட்டுவான். ஒரே ஒரு நொட்டை, குடி. குடிச்சா சண்டை கிண்டை ஒண்ணும் கெடையாது. குடிக்கப் போறதுக்கு முன்னால நேரா ஊட்டுக்கு வருவான், வண்டிச் சாவியை என்ற ஊட்டுக்காரி கையில குடுப்பான், "அக்கா, நாளைக்குக் காத்தால வாங்கிக்கறேன்"ம்பான், போயிடுவான். அன்னிக்குப் பொழுது பூரா வண்டிப் பக்கமே வரமாட்டான். வீடு தீப்புடிச்சாலும் வரமாட்டான். எனக்கு அவசரமா ஈரோடு போகோணும்னா ஆளில்லை. கூப்பிட்டு உட்டா, "குடிச்சிருக்கேனுங்க மொதலாளி, தொடமாட்டேன்"னு சொல்லி அனுப்புவான். என்ன திமிரு பாருங்க. இத்தனூண்டு குடிச்சதுக்கு வேலைக்கு மட்டம். நாங்களெல்லாம் குடிக்கறதில்லையா, தொழிலைப் பாக்கறதில்லையா?

ஒரு நாள் கூப்பிட்டுச் சொல்லிப்போட்டேன். "ஒண்ணு குடியை உடு, இல்லைன்னா களத்து வீட்டைக் காலி பண்ணு." களத்துக்குள்ளயே லைன் வீடு ஒண்ணு அவனுக்குக் குடுத்திருந்தேன். அவன், பொண்டாட்டி கண்ணாத்தா, ஒரு பொட்டப்புள்ளை. வாடகை கெடையாது. கண்ணாத்தா அழுதுக்கிட்டு வந்து, "கயிறு கட்டிடலாமுங்க"ன்னா.

குடிக்குக் கயிறு கட்டறது உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமுங்க. அவுங்க ஊர்ப் பக்கம் ஒரு முனியப்பன் கோயிலு. அமாவாசைக்கு அமாவாசை கட்டுவாங்க. சாமி முன்னால நின்னு, இனித் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணோணும். பூசாரி வலது மணிக்கட்டுல கறுப்புக் கயிறு கட்டி உடுவாரு. அதைக் கட்டிக்கிட்டுக் குடிச்சாக் குடல் அறுந்து ரத்த ரத்தமா வாந்தி எடுப்பான்னு ஒரு பயம். குடிக்காம முடியவே முடியாதுன்னு வந்தா, அதே பூசாரிகிட்டப் போயி, சாமிகிட்டச் சொல்லி, அவரு கையாலதான் அவுக்கோணும். நான்தான் என்ற வண்டியிலயே கூட்டிக்கிட்டுப் போயிக் கட்டினேன். எந்த மொதலாளி செய்வான் சொல்லுங்க. தேங்கா பழம்கூட என்ற செலவுதான்.

அதோட நின்னுச்சுங்க. மூணு நாலு வருசம் தொடலை. கண்ணாத்தா மொகத்துல ஒரு தெளிச்சி வந்துச்சு, புள்ளை நல்லாப் படிச்சா. எல்லாம் என்னால வந்தது. அதை அவன் மறந்துபோட்டான் பாருங்க, அதுதான் எனக்கு ஆறலை.

ஆனா ஒண்ணு சொல்றேன் அம்மிணி. குடியை உட்டவன் கூட இருக்கறது குடிகாரன் கூட இருக்கறதை விடச் செரமமுங்க. நாலு பேரு சேந்து உக்காந்தா இவன் தூரத்துல வண்டிகிட்டப் போயி நின்னுக்குவான். ஒண்ணும் சொல்லமாட்டான். சொல்லாம நிப்பான். நான் ஏறி உக்காந்தா சத்தமில்லாம கண்ணாடியை எறக்கி உடுவான். வாடைக்காமா. நீங்க ஜன்னலைத் தொறந்தீங்களே, அதே மாதிரி. உங்களைச் சொல்லலைங்க, நீங்க காத்துக்குத் தொறந்தீங்க. அவன் அதுக்கில்லை. ஒரு டிரைவரு மொதலாளியை மூக்கால எடை போட்டா எப்படி இருக்குமுங்க?

அதனாலதான் அன்னிக்கு ஆடி மாசக் கெடா விருந்துக்கு, "நீ வர வேண்டாம் போ, நான் பாத்துக்கறேன்"னு சொல்லிப்போட்டு நானே வண்டியை எடுத்துக்கிட்டுப் போனேன். கருப்பணசாமிக்குக் கெடா வெட்டு. சொந்தக்காரங்க அத்தனை பேரும் இருந்தாங்க. மிலிட்டரியில இருக்கற மருமவன் ஒருத்தன் கேன்டீன் சரக்குக் கொண்டுவந்திருந்தான். மரியாதைக்கு ஊத்தறாங்க, மரியாதைக்குக் குடிக்கறோம். வேண்டாம்னா கோவிச்சுக்குவாங்க. பாதி பாட்டில் மிச்சம் இருந்துச்சு, "எடுத்துக்கிட்டுப் போங்க மாமா"ன்னு வண்டியிலயே வெச்சுட்டான்.

வாய்க்கால் பாலத்துத் திருப்பத்துல ஒரு மொபெட்டுக்காரன், ரெண்டு பக்கமும் இளநியைக் கட்டித் தொங்க உட்டுக்கிட்டு வர்றான். அவன் மேலயும் தப்பு இருக்குதுங்க. ஒரு மொபெட்டுக்கு அத்தனை இளநி எதுக்கு? நான் பிரேக்கைத்தான் அமுத்தினேன். காலு என்னமோ வேற எதையோ அமுத்திருச்சு. ஆளுக்கு ஒண்ணும் ஆகலை. காலு முறிஞ்சதோட சரி. இப்பக் கம்பு ஊனிக்கிட்டு நல்லாத்தான் நடக்கறானாம்.

நான் ஓட்டினேன்னு சொல்லிப்போட்டேன்னு பாக்கறீங்களா? சொன்னா என்னங்க. ஊருக்கே தெரியும். வாயால சொல்றது சாட்சி ஆகாதுன்னு மச்சான் சொல்லியிருக்காரு. நீங்க சின்னப்பொண்ணு, போகப் போகத் தெரிஞ்சுக்குவீங்க.

ராக்கியப்பனுக்குப் போனைப் போட்டேன். சித்த நேரத்துல சைக்கிளை மிதிச்சுக்கிட்டு வந்து நிக்கறான். வந்தவன் என்னைப் பாக்கலைங்க. "மொதலாளி, உங்களுக்கு ஒண்ணும் அடி இல்லையே"ன்னு ஒரு வார்த்தை வேணுமா இல்லையா? நேரா அந்த இளநிக்காரன்கிட்டப் போயி, அவனைத் தூக்கி உக்கார வெச்சு, ஒரு இளநியைச் சீவி வாயில ஊத்தி, தன்ற துண்டைக் கிழிச்சுக் காலைக் கட்டறான். நான் எதுக்குக் கூப்பிட்டேன், இவன் பாக்கற வேலை என்ன? ஆம்புலன்ஸ் வந்து அவனை ஏத்திக்கிட்டுப் போன பொறவுதான் என்ற பக்கம் திரும்பினான்.

"ராக்கியப்பா, வண்டி நீதான் ஓட்டினே"ன்னேன். தலையை ஆட்டினானுங்க. "சரிங்க மொதலாளி"ன்னான். அதுக்கு ஒரு மறுப்புச் சொல்லலை. மொதலாளிக்காக டிரைவரு கேஸ் ஏத்துக்கறது எங்கயும் நடக்கறதுதானே. சாவியை வாங்கிக்கிட்டுப் போயி டிரைவர் சீட்டுல உக்காந்துக்கிட்டான். அதோட முடிஞ்சிருக்கோணும்.

எவனோ வெளியூர்க்காரன் ஒருத்தன் அந்தப் பக்கம் போனவன், போலீசுக்குப் போனைப் போட்டு, "காரை ஓட்டினவன் நல்லாக் குடிச்சிருக்கான்"னு சொல்லிப்போட்டான். உள்ளூர்க்காரங்க வாயைத் தொறக்க மாட்டாங்க, அவியளுக்குத் தெரியும். இந்த வெளியூர்க்காரனுக்கு என்ன வந்துச்சு? நான் தண்டபாணி மச்சானுக்குப் போன் பண்ணினேன். அவரு சொல்றாரு, "மாப்பிள்ளை, ஓட்டினவன் குடிச்சிருக்கான்னு தகவல் போயிருச்சு. உங்க டிரைவர் ஊதி ஒண்ணுமில்லைன்னு வந்தா, அப்ப வேற எவன் ஓட்டினான்னு தேடுவான். ஆளை மாத்தினாலும் வாடையை மாத்தக்கூடாது." படிச்ச மனுசன் பாருங்க, எனக்கு அது தோணவே இல்லை.

வண்டியில மிச்சப் பாட்டில் இருந்துச்சு. எடுத்துக்கிட்டுப் போயி நீட்டினேன். அவன் பாட்டிலைப் பாக்கலை. கையைப் பாத்தான். மணிக்கட்டுல கயிறு.

"கயிறு இருக்குதுங்க மொதலாளி"ங்கறான். "தெரியும்டா, நான்தானே கூட்டிக்கிட்டுப் போயிக் கட்டினேன்"னேன். "பூசாரிதானுங்க அவுக்கோணும்"ங்கறான். போலீஸ் வண்டி எப்ப வேணும்னாலும் வந்துரும், இவன் பூசாரியைக் கேக்கறான். "டேய், பாவம் புண்ணியம் எல்லாம் என்ற தலையில. நான் அவுக்கறேன், என்னைக் கேக்கட்டும் சாமி"ன்னேன். இதுக்கு மேல ஒருத்தன் என்ன சொல்ல முடியும்? வண்டியை உட்டு எறங்கினான். செருப்பைக் கழட்டிப்போட்டான். பாலத்துக்குக் கீழே புளியமரத்தடியில, மண்ணுல வெறுங்காலோட, கோயில்ல நிக்கறாப்பல நின்னு கையை நீட்டினான். கண்ணை மூடிக்கிட்டான். முடிச்சு எறுகிக் கெடந்துச்சு, அவுக்க வரலை. பல்லால கடிச்சு அறுத்தேன்.

அதுக்கப்பறம் குடிச்சான். மடக்கு மடக்குனு, மருந்து குடிக்கற மாதிரி. அது என்ன சரக்குங்கறீங்க? அவன் ஜென்மத்துல மோந்து பாத்திருக்க மாட்டான். மொகத்துல ஒரு சந்தோசம் வேணுமே. கண்ணுல தண்ணி வருது. "ஒருநாள்தான்டா, நாளைக்கே மறுபடி கட்டிக்கலாம்"னு தோளைத் தட்டிக்கூடக் குடுத்தேன்.

போலீசு வந்துச்சு, ஊதினான், மிசின்ல எக்கச்சக்கமாக் காட்டுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க, டாக்டரும் எழுதிக் குடுத்தாரு. லைசென்ஸை வாங்கி வெச்சுக்கிட்டாங்க. ஸ்டேசன் ஜாமீன்ல நானே கையெழுத்துப் போட்டு வெளியில கொண்டாந்தேன். நான் கேக்கறேன், எதுல கொறை வெச்சேன்? லைசென்ஸ் இல்லாதவனைக் களத்துல கொப்பரை காய வைக்கற வேலைக்குப் போட்டேன். டிரைவர் சம்பளம் குறைச்சேனே தவிர, வேலையை உட்டு நிறுத்தலையே.

அவன்தானுங்க கெட்டுப்போனான். அன்னிக்கு ஆரம்பிச்சவன் மறுநாளும் குடிச்சான், அதுக்கு மறுநாளும் குடிச்சான். நான் ஒரு நாளைக்குத்தானே குடிக்கச் சொன்னேன்? ஒருநாள் குடிச்சவன் அதோட நிறுத்திக்க வேண்டியதுதானே? கேட்டா, "கயிறு இல்லைங்களே மொதலாளி"ம்பான். என்னமோ கயிறுதான் இவனைப் புடிச்சு நிறுத்தி வெச்சிருந்த மாதிரி. மனுசனுக்கு மனசுன்னு ஒண்ணு வேண்டாமா?

சரி, அதையும் பொறுத்துக்கிட்டேன். கேஸ் கோர்ட்டுக்கு வந்துச்சு. மச்சான் அவனை ஆபீசுக்குக் கூப்பிட்டு உக்கார வெச்சு, புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லிக் குடுத்தாரு. "மாஜிஸ்ட்ரேட் அய்யா கேப்பாரு, நீ ஒப்புக்கோ. அபராதம் போடுவாங்க, உன்ற மொதலாளி கட்டிருவாரு. கொஞ்ச நாளைக்கு லைசென்ஸ் இருக்காது, அவ்வளவுதான்"னாரு. கடைசியா, "குடிச்சுப்போட்டு ஓட்டினேனுங்கய்யா, மன்னிச்சுக்குங்க. இந்த ஒரு வரிதான். எங்க, சொல்லு பாக்கலாம்"னாரு. இவன் வாயே தொறக்கலை. கூச்சப்படறான்னு உட்டுட்டோம். அங்க தப்புப் பண்ணிட்டோமுங்க. அன்னிக்கே சொல்ல வெச்சிருக்கோணும்.

கோர்ட்டு அன்னிக்குக் குடிக்காமத்தான் வந்திருந்தான். கண்ணாத்தா வேட்டி சட்டை தொவைச்சுப் போட்டு அனுப்பியிருந்தா. நான் பின்னால பெஞ்சுல உக்காந்திருக்கேன். அய்யா கேக்கறாரு, "வண்டி ஓட்டினது நீதானா?" "ஓட்டினேனுங்கய்யா"ங்கறான். பொய்தானுங்க அது, ஆனா கம்பீரமாச் சொன்னான். எனக்கு நெஞ்சு குளுந்து போச்சு. "குடிச்சிருந்தியா?" "குடிச்சேனுங்கய்யா." முடிஞ்சுது, ஊட்டுக்குப் போலாம்னு நான் செருப்பைக்கூட மாட்டிட்டேன். அய்யா பேனாவை எடுத்துக்கிட்டு, "குடிச்சுட்டு வண்டி ஓட்டியிருக்கே. சரிதானே?"ன்னு கேக்கறாரு. எழுதறதுக்கு முன்னால சும்மா ஒரு வார்த்தைக்குக் கேக்கறாரு.

இவன் நிக்கறான். அப்பறம், "இல்லைங்கய்யா"ங்கறான்.

"என்னப்பா, ஓட்டினேங்கறே, குடிச்சேங்கறே, அப்பறம் என்ன இல்லைங்கறே?"

"ஓட்டினேனுங்கய்யா. குடிச்சேனுங்கய்யா. குடிச்சுப்போட்டு ஓட்டலைங்க. நான் அப்படி ஓட்டமாட்டேனுங்கய்யா."

கோர்ட்டுல நாலு பேரு சிரிச்சாங்க. அய்யா சிரிக்கலை. மச்சான் எந்திரிச்சு, படிக்காத ஆளு, முன்னபின்னயாச் சொல்றாருன்னு சமாளிச்சுப் பாத்தாரு. "நீங்க உக்காருங்க, அவரு பேசட்டும்"ன்னுட்டாரு அய்யா. "எப்பக் குடிச்சே?"

"வண்டி நின்னதுக்கப்பறமுங்க."

"ஒரு ஆளை இடிச்சுப் போட்டுட்டு, அப்பறம் உக்காந்து குடிச்சியா? எதுக்கு?"

அவன் திரும்பி என்னைப் பாத்தான். கோவமா இல்லை. கெஞ்சறாப்பலயும் இல்லை. என்ற பேரைச் சொல்லியிருந்தாக்கூட நான் ஆறிப் போயிருப்பேன். சும்மா பாத்தான். அவன் பாத்த எடத்தை அய்யா பாத்தாரு. கோர்ட்டுல இருந்த அத்தனை கண்ணும் பாத்துச்சு. செருப்பை மாட்டின காலோட நான் உக்காந்திருக்கேன். என்ற வயசுக்கு அப்படி ஒரு தலைகுனிவு எனக்கு வந்ததில்லைங்க.

"உனக்கு வக்கீல் வெச்சது யாரு?"ன்னாரு. "மொதலாளிங்கய்யா." "அப்ப உனக்குன்னு ஒரு வக்கீல் வேணும்"னு சொல்லி அடுத்த வாய்தா போட்டாரு. அப்படித்தான் நீங்க உள்ள வந்தீங்க.

யோசிச்சுப் பாருங்க. ஓட்டாத வண்டியை ஓட்டினேன்னு சொல்றதுக்கு இவனுக்கு நாக்கு வருது. குடிச்சேன்னு சொல்ல வருது. நடுவுல இருக்கற அந்த 'போட்டு' மட்டும் வரமாட்டேங்குது. ஒரு 'போட்டு'ங்க. அதுல என்ன கௌரவம் கொறைஞ்சு போகுது இவனுக்கு? எனக்காக ஜெயிலுக்குப் போன்னா சொன்னேன்?

களத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லிப்போட்டேன். அதை நீங்க தப்பா எடுத்துக்கக்கூடாது. கோர்ட்டு விசயத்துக்காக இல்லை. பொழுதானைக்கும் குடிச்சுக்கிட்டுக் கெடக்கறவனை எப்படிங்க வேலைக்கு வெச்சுக்கறது? நாலு பொம்பளைங்க வேலை செய்யற எடம். இப்ப அவங்க ஊர்ல அண்ணன் ஊட்டுத் தாழ்வாரத்துல கெடக்கறாங்களாம். என்ற ஊட்டுக்காரி இதுக்காக எங்கிட்ட மூஞ்சி குடுத்தே பேசறதில்லை. சோத்தைப் போட்டு வெச்சுப்போட்டு அக்கட்டால போயிடறா. தன்ற அண்ணன் குடுத்த ரோசனைதானே இத்தனையும், அவரைக் கேக்கறதுதானே?

போன வாரம் கண்ணாத்தா ஊட்டு வாசல்ல வந்து நிக்கறா. வேலை கேக்க வந்திருக்கான்னு நினைச்சேன். இல்லை. வீடு கேக்கறாளோன்னு பாத்தேன். அதும் இல்லை. "அந்தக் கயித்தைக் குடுங்க போதும்"ங்கறா. என்ன சங்கதின்னா, அவனைக் கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருக்கா, மறு கயிறு கட்டலாம்னு. பூசாரி மாட்டேன்னுட்டாராம். சாமிகிட்டச் சொல்லி அவுக்காத கயிறு இன்னும் அவன் கையில இருக்கற மாதிரிதான் கணக்காமா. அந்தப் பழைய கயித்தைக் கொண்டாந்து சாமி காலடியில வெச்சாத்தான் புதுசு கட்டுவாராம். கயிறு கையிலயே இருக்குது, சாமி உடாதுங்கற பயத்துலயே இவன் இன்னும் குடிக்கறானாம். ரத்த வாந்தி எடுக்கறானாம். கயித்துனால எல்லாம் இல்லைங்க, நான் அதையெல்லாம் நம்பற ஆளில்லை. குடல் புண்ணா இருக்கும். பெரியாஸ்பத்திரியில காட்டச் சொன்னேன். "ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்கறாருங்க, கயிறு கட்டினாத்தான் நிப்பேங்கறாரு"ன்னு அழுவறா.

கயிறு எங்கிட்டத்தான் இருக்குது. அன்னிக்கு அறுத்தவுடனே வீசப் போனேன். "வீசக்கூடாதுங்க மொதலாளி"ன்னான். சரின்னு சட்டைப் பையில போட்டு வெச்சிருந்தேன். வண்டி போலீசுல இருந்து வந்த பொறவு டிரைவருக்கு மேல இருக்கற சின்னக் கண்ணாடியில கட்டிப்போட்டேன். எட்டிப் பாருங்க, கீழே வேப்பமரத்தடியில வெள்ளை வண்டி நிக்குது பாருங்க. உள்ள எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்துல கறுப்பா ஆடுது, அதுதான். நம்பிக்கை இல்லைன்னேனே தவிர, அதுல ஒரு ராசி இருக்குதுங்க. அதைக் கட்டினதுல இருந்து வண்டியில ஒரு கீறல் விழலை. இத்தனைக்கும் டிரைவர் கெடையாது. விருந்து விசேஷம்னு எங்க போனாலும் நானேதான் ஓட்டிக்கிட்டுப் போறேன், நானேதான் ஓட்டிக்கிட்டு வர்றேன். இப்பக்கூட நானேதான் வந்தேன்.

குடுக்கமாட்டேன்னு நான் சொல்லலைங்க. அவ்வளவு கல்நெஞ்சுக்காரன் இல்லை. கண்ணாத்தாகிட்டயும் அதைத்தான் சொல்லி அனுப்பினேன். வர்ற வாய்தாவுக்கு வரட்டும். அய்யா முன்னால நின்னு, 'குடிச்சுப்போட்டு ஓட்டினேன்'னு ஒருக்காச் சொல்லட்டும். கோர்ட்டு வாசல்லயே கழட்டி அவன் கையில குடுத்துடறேன். வேணும்னா அதே வண்டியில அந்தக் கோயிலுக்கும் கூட்டிக்கிட்டுப் போறேன். அவ கேட்டுக்கிட்டுப் போயிட்டா. போயி அவன்கிட்டச் சொன்னாளா இல்லையான்னு தெரியலை. நீங்க சொன்னாக் கேப்பான். நீங்கதானே இப்ப அவனுக்கு வக்கீலு. உங்க கட்சிக்காரன் உசுரு பொழைக்கோணும்னு உங்களுக்கு இல்லாமலா இருக்கும்? ஒரே ஒரு வார்த்தைதானுங்க. என்ற பக்கம் நாயம் இருக்குதா இல்லையா, நீங்களே சொல்லுங்க.

என்னங்க, எந்திரிச்சுட்டீங்க? எதுக்குங்க கையை நீட்டறீங்க? கயிறுங்களா? இப்பக் குடுக்க முடியாதுங்க, சொன்னேனே.

கயிறு இல்லையா?

சாவியா? வண்டிச் சாவியை உங்ககிட்ட நான் எதுக்குங்க குடுக்கோணும்? குடிச்சா சாவியைக் குடுத்துப்போட்டுப் போறது அவன்ற பழக்கமுங்க அம்மிணி. எனக்கு அந்தப் பழக்கமெல்லாம் கெடையாது.